பாக்கி ஆறு

வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள்.
மிச்சம் இருப்பது வாழைக்காய் பருமனில் ஒரு குழாய்.
ஐம்பத்தைந்து பேர் உட்கார்ந்து
படியில் இருபது பேர் தொங்கிய வண்டி
இப்போது ஷேர் ஆட்டோ.

முப்பது மில்லி.
இருமல் மருந்து மூடியில் கோடு கிழித்துக் கொடுத்தாள் ஜெனிட்டா,
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்குப் பார்ப்பவள்.
வயது இருபத்தாறு. 'சார்' போட்டே மிரட்டுவாள்.
"கால் மணிக்கு ஒரு மூடி.
மடக்கு மடக்குன்னு குடிச்சா திரும்பி வந்துரும் சார்."
வந்தது, ஒரு நாள்.

கடிகாரம் பார்த்துக் குடிக்க எனக்கு வராது.
பத்தொன்பது வருஷம் தென்காசி ரூட்.
எனவே மருத்துவ விடுப்பில்
பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடியே வண்டியை எடுத்தேன்.
ஜங்ஷனில் ஒரு மூடி மோர்.
பேட்டை தாண்டும்போது இன்னொன்று.
சீதபற்பநல்லூரில் பருப்புத் தண்ணி, உப்புக் கம்மி.
ஆலங்குளத்தில் புரோட்டீன் மாவு கரைத்த பால்:
வெனிலா என்கிறது டப்பா,
வெள்ளையடித்த சுவர் என்கிறது நாக்கு.
பாவூர்சத்திரத்தில் வடிகட்டிய கோழி சூப்.
தென்காசியில் ஒன்றும் கிடையாது, வண்டி நிற்கும்.
பிறகு திரும்புகால்.

நாளைக்கு அறுபது கிராம் புரதம் சேர வேண்டும்.
சேராவிட்டால்?
ஜெனிட்டா படம் வரைந்து காட்டினாள். விளங்கவில்லை.
ராத்திரி படுத்திருக்கையில் தானாக விளங்கியது.
டிப்போவில் கலெக்‌ஷன் கட்டும்போது
பையில் குறைந்தால் கண்டக்டர் கைக்காசு.
உடம்பும் அப்படித்தான்.
குறைந்ததைத் தொடையிலிருந்து எடுத்துக் கட்டும்,
தோளிலிருந்து, அப்புறம் தலைமுடியிலிருந்து.
யாரையும் கேட்காது. ரசீது தராது.
"இவ்வளவு கொழுப்பு கிடக்கே, அதை எடுக்க வேண்டியதுதானே?"
"அதையும் எடுக்கும் சார். கைக்கு எட்டினதையும் எடுக்கும்."

பதினேழாம் நாள், டவுனில் மறுவீட்டுப் பந்தி.
சொதி.
தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய்,
இலை ஓரத்தில் இஞ்சித் துவையல்.
முன்பெல்லாம் பரிமாறுகிறவன்
வாளியோடு என் முன்னாலேயே நின்றுகொள்வான்.
அன்று இலையை மூடாமலும் தொடாமலும் உட்கார்ந்திருந்தேன்.
"என்னண்ணே, கையே வைக்கல?" என்றார் சம்பந்தி வீட்டுத் தளவாய்.
"ரூட்டை மாத்திட்டாங்க" என்றேன்.

உலகம்மாள் பையிலிருந்து மூடியை எடுத்தாள்.
சொதியின் தெளிவை மட்டும் சாய்த்து
கோடு வரைக்கும் நிரப்பினாள்.
வாயில் வைத்துக்கொண்டு
பேட்டையிலிருந்து ஆலங்குளம் வரை போனேன்.
விழுங்க மனசில்லை.

அதில் எத்தனை கிராம் என்று போனில் கேட்டேன்.
"சொற்பம் சார். கணக்குல சேர்க்காதீங்க."
சேர்க்கவில்லை.
சில பேரிடம் டிக்கெட் கேட்பதில்லை நாம்.

இப்போது மூன்றாம் மாதம். திரும்ப டியூட்டி.
இருபத்தாறு கிலோ எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.
கூட்டத்துக்குள் நான் நுழையும்போது
யாரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வதில்லை.
ஆனால் தலையணையில் முடி.
சீப்பில் முடி. சோப்பில்கூட.
மோர் மட்டும் குடித்துப் படுத்த அந்த முதல் வாரத்தின்
பற்றாக்குறையை இப்போது வசூலிக்கிறார்கள்.

சில்லறை இல்லாத நேரம்
டிக்கெட்டின் முதுகில் பாக்கி எழுதிக் கொடுப்பது வழக்கம்.
அதே பேனாவில் என் கணக்கையும் எழுதுகிறேன்.
நேற்று முட்டை வெள்ளை இரண்டு, சாளை மீன் மூன்று,
தயிர், சுண்டல் நாலு வாய், மாவு ஒரு கரண்டி.
கூட்டிப் பார்த்தால் ஐம்பத்து நாலு.
'பாக்கி 6' என்று எழுதி
சட்டைப்பையில் திணித்து
சட்டையை ஆணியில் மாட்டிப் படுத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு விளக்கு எரிந்தது.
ஒரு கையில் அந்தத் தாள், மறுகையில் பால் டம்ளர்.
பத்தொன்பது வருஷமாகக் கேட்ட என் குரலை
அச்சு அசலாக எடுத்து உலகம்மாள் சொன்னாள்:

"ஆறு பாக்கி யாருங்க?
இறங்குறதுக்கு முன்னால வாங்கிக்கிடுங்க."